தம்பியின் செல்கள்

என் தம்பி பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு சர்ச் பள்ளியில் பி.டி. மாஸ்டர். ஒருநாள் மைதானத்தில் பையன்களை வரிசையாக நிற்கவைத்துவிட்டு, பாதி டிரில்லில் கழிப்பறைக்கு ஓடியிருக்கிறான். திரும்பி வந்து பார்த்தால் வரிசை கலைந்து, எல்லாரும் மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்களாம். அன்று ராத்திரி சாப்பிடும்போது இதை வேடிக்கையாகத்தான் சொன்னான். மம்மி சிரித்தாள். நானும் சிரித்தேன். ரத்தம் போனதை அவன் அப்போது சொல்லவில்லை. மறுநாள் காலையில், மம்மி பூசைக்குக் கிளம்பிப் போனபின், சமையலறை வாசலில் வந்து நின்று என்னிடம் மட்டும் சொன்னான்.

"எவ்ளோ நாளா?" என்று கேட்டேன்.

"ரொம்ப நாளாக்கா. மூலம்னு நெனச்சேன். மெடிக்கல்ல சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டேன்."

நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். மிச்சமிருந்ததையும் நறுக்கி முடித்தேன். அந்த நேரத்தில் மனதில் என்ன இருந்தது என்று பின்னால் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றுகிறது. கையைக் கழுவிக்கொண்டு எங்கள் டாக்டருக்குப் போன் செய்தேன்.

எங்கள் டாக்டர் என்றால் குடும்ப டாக்டர் இல்லை. நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக் குழுவில் இருக்கும் குடல் நோய் நிபுணர். பெங்களூரில் பல தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண்மணி. வீட்டில் பேசுவது பாதி கன்னடம். அவர் உடனே வரச் சொன்னார். கேமரா குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலின் உள்தோல் முழுக்கப் புண். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். என் வாழ்க்கையில் அதிகமாக டைப் அடித்த இரண்டு வார்த்தைகள் அவை. தம்பியின் ரிப்போர்ட்டில் அவற்றைப் படித்தபோது, எழுத்துப்பிழை இருக்கிறதா என்றுதான் கண் தேடியது.

வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள், அக்கா இதே வியாதியில்தான் ஆராய்ச்சி பண்ணுகிறாள், இனி கவலையில்லை என்று. மம்மி பக்கத்து வீடுகளிலும் அப்படியே சொன்னாள். நான் ஆராய்வது மனிதர்களை அல்ல, செல்களை என்று எப்படி விளக்குவது? ஒரு செல் பக்கத்துச் செல்லோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. வளரு, நில், பிரி, செத்துப்போ. வார்த்தைகளுக்குப் பதில் சின்னச் சின்னப் புரதங்கள். ஒன்று வந்து செல்லின் வெளிச்சவ்வில் ஒட்டினால், உள்ளே ஒன்று இன்னொன்றைத் தட்டி, அது அடுத்ததைத் தட்டி, கடைசியில் செய்தி உட்கருவுக்குப் போய்ச் சேரும். என் தம்பிக்கு வந்த வியாதியில், ஆபத்து என்ற செய்தி கிளம்பிவிடுகிறது. ஆபத்து போய்விட்டது என்ற செய்தி வருவதில்லை, அல்லது வந்தும் யாரும் கேட்பதில்லை. இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. அதற்கு ஒரு ஆள் போதாது. டாக்டர் ஓ.பி. முடித்து மூச்சு வாங்க மீட்டிங்குக்கு வருவார். ஒரு எஞ்சினியர் இருக்கிறார். குடல் அசைவதுபோலச் செல்களை இழுத்து விடும் ரப்பர் சிப் ஒன்றைச் செய்துகொண்டு, எல்லாவற்றுக்கும் காரணம் இழுவிசைதான் என்பார். கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர் திரை முழுக்க அம்புக்குறிகள் போட்டுக் காட்டுவார். நான் செல் வளர்ப்பவள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று. இப்போதும் முழுக்கப் புரிகிறது என்று சொல்ல மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் கேமரா விடும்போது, சம்மதம் தருகிறவர்களிடம் குடல் தோலில் மிளகு அளவு துண்டுகள் எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். அதிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து, சின்னத் தட்டில் ஜெல்லுக்குள் பதித்து, வேண்டிய சிக்னல்களைக் கலந்த மீடியா என்ற திரவத்தை ஊற்றினால், சில நாட்களில் அவை உருண்டு குமிழ் குமிழாக வளரும். நடுவில் பொந்து, சுற்றிலும் மொட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் குடல். பெயர் வராது, கோடு நம்பர் மட்டும்தான் வரும். தம்பியிடமும் கேட்டிருக்கிறார்கள்.

"கையெழுத்துப் போட்டுட்டேன்கா," என்றான் அன்று மாலை. "எப்படியும் குழாய உள்ள விட்டுட்டாங்க. கொஞ்சம் எடுத்துக்கிட்டாத்தான் என்ன?"

அன்று அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஐஸ் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் ஒரே ஒரு சாம்பிள்தான் குறித்திருந்தது. ஆண், அவன் வயது. நான் பெட்டியைத் திறக்காமல் நேராகக் குழுத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கன்னடக்காரர், நாங்கள் மேடம் என்போம். 

"நீங்க ஸ்வல்ப... கொஞ்சம் தள்ளி இருங்க," என்றார். "அந்த சாம்பிள் நீங்க தொட வேணாம். பேர் தெரிஞ்சிட்டா அப்புறம் கண்ணு சரியா பாக்காது."

சந்தாபுராவிலிருந்து தினமும் பஸ் மாறி மாறி வரும் ஒரு பெண் என்னோடு வேலை பார்க்கிறாள். தம்பியின் சாம்பிள் அவள் கைக்குப் போயிற்று.

தம்பிக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். முகம் பௌர்ணமி மாதிரி உப்பிக்கொண்டது. கொஞ்ச நாள் நன்றாக இருந்தான், மருந்தைக் குறைத்ததும் மறுபடி ஆரம்பித்தது. ஊசி மருந்துக்கு மாற்றினார்கள். கடைக்குப் போனால், சர்ச்சுக்குப் போனால், எங்கே கழிப்பறை இருக்கிறது என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்வான். ஓக்கலிபுரம் சிக்னலில் மாட்டிக்கொண்ட ஒரு மழை நாளில், ஸ்கூட்டரை அப்படியே ஓரமாகப் போட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒரு வீட்டின் கதவைத் தட்டியிருக்கிறான். அந்த வீட்டம்மாள் ஒன்றும் கேட்காமல் பின்பக்கம் கையைக் காட்டினாளாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

லேபில் அவன் செல்கள் ரொம்ப நன்றாக வளர்ந்தன. சந்தாபுராப் பெண் என்னிடம் எதுவும் சொல்லக்கூடாது; ஆனால் அவள் முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஒரு சனிக்கிழமை அவளுடைய குழந்தைக்குக் காய்ச்சல். மேடத்திடம் கேட்டுவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, மீடியா மட்டும் மாத்திடுங்க. இல்லேன்னா திங்கக்கிழமைக்குள்ள செத்துடும். ப்ளீஸ்கா."

போனேன். ஒரு தட்டில் அவன் இருந்தான். அப்படித்தான் மனசுக்குள் வந்தது, அவன் இருந்தான் என்று. பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்து, இளஞ்சிவப்பாக இருந்த புதுத் திரவத்தை மெல்ல விட்டேன். மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். அழகான மொட்டுகள், ஓரம் சுத்தமாக, நடுவே நல்ல பொந்து. வேறு யாருடையதாக இருந்தாலும் படம் எடுத்து மற்றவர்களுக்கு அனுப்பியிருப்பேன். தட்டை இன்குபேட்டரில் வைத்துக் கதவைச் சாத்தினேன். அதே நேரம் அவன் வீட்டில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தான். இரண்டையும் சேர்த்து நினைத்தால் ஏதாவது தோன்ற வேண்டும் என்று பஸ்ஸில் உட்கார்ந்து முயற்சி செய்து பார்த்தேன். ஜன்னல் வழியாக வந்த காற்று மட்டும் நன்றாக இருந்தது.

பிறகு ஒரு மீட்டிங்கில் அந்தக் கோடு நம்பர் திரையில் வந்தது. வீக்கத்தைத் தூண்டும் சிக்னலைச் செல்லுக்குள்ளேயே அடைத்துவிடும் ஒரு மருந்தைத் தட்டுகளில் விட்டுப் பார்த்திருந்தார்கள். மற்ற சாம்பிள்கள் ஏதோ கொஞ்சம் அடங்கின. அந்த நம்பர் சாம்பிள் மட்டும் முழுக்க அடங்கியிருந்தது. கம்ப்யூட்டர்காரரின் சிவப்பு அம்புகள் எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டன. எஞ்சினியர் மேசையைத் தட்டினார். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். டாக்டர் மட்டும் என்னைப் பார்க்காமல் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவருக்கும் நம்பர் தெரியும் என்று அப்போது புரிந்தது.

மீட்டிங் முடிந்து வெளியே வந்ததும் சொன்னார்: "அந்த மருந்து வகையிலேயே ஒரு மாத்திரையத்தான் உங்க தம்பிக்கு ஏற்கெனவே ஆரம்பிச்சிருக்கேன். தட்டப் பாத்து இல்ல, வேற வழி இல்லாம. ஆனா உடம்பு கேக்கலம்மா. தட்டுல ரத்தம் கிடையாது, கிருமி கிடையாது, ஆளே கிடையாது. அங்க அடங்கினா இங்க அடங்கணும்னு இல்ல."

"தெரியும் டாக்டர்," என்றேன். தெரியும்தான்.

அந்த வாரமே காய்ச்சலோடு அட்மிட் ஆனான். எக்ஸ்ரேயில் குடல் பலூன் மாதிரி உப்பியிருந்தது. வெடித்தால் பிழைக்க மாட்டான், எடுத்துவிடலாம் என்று சர்ஜன் சொன்னார். மம்மிக்கு ஆங்கிலம் புரியும், ஆனாலும் என் பக்கம் திரும்பி, "என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள். நான் சொன்னேன். பெருங்குடலை முழுக்க எடுத்துவிடுவார்கள், சிறுகுடலின் முனையை வயிற்றின் மேல் திறந்து பை மாட்டுவார்கள், பின்னால் இன்னொரு ஆபரேஷனில் பையை எடுக்க முடியலாம். பாடம் ஒப்பிப்பது மாதிரி வந்தது. தம்பி கேட்டுக்கொண்டே படுத்திருந்தான்.

"எடுத்துடச் சொல்லுக்கா," என்றான். "எனக்குத் தூங்கணும்."

எடுத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சர்ஜன் வெளியே வந்து சொன்னபோது மம்மி சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "எடுத்தத எங்க கிட்ட குடுப்பீங்களா?"

அவருக்குப் புரியவில்லை.

"புதைக்கணும். அவங்க டாடி கல்லறையிலேயே வச்சிடறோம். அவனோட ஒடம்பு தானே அது?"

பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், அதன்பிறகு ஆஸ்பத்திரி முறைப்படி எரித்துவிடுவார்கள் என்று அவர் பொறுமையாகத்தான் சொன்னார். எரிப்பது என்ற வார்த்தை மம்மிக்குப் பிடிக்கவில்லை. சில நாள் கழித்து வார்டில் தம்பிக்கு இட்லி பிட்டு ஊட்டிக்கொண்டிருக்கும்போதும் அதையே சொன்னாள்: "ஒரு கைப்பிடி மண்ணுக்குக் கூட கொடுத்து வைக்கல."

தம்பி தமாஷாகச் சொல்ல நினைத்தான். "முழுசா போகல மம்மி. அக்கா லேப்ல கொஞ்சம் இருக்கு. நல்லா வளருதாம்."

மம்மியின் கை நின்றது. என்னைப் பார்த்தாள்.

"உசுரோடவா?"

"செல்லுதான் மம்மி," என்றேன்.

"உசுரோட இருக்கா இல்லையா?"

"இருக்கு."

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. பங்குத் தந்தையைப் போய்ப் பார்த்தாள். அவர் நல்லவர், படித்தவர். நாலு பேருக்கு உதவும் காரியம், பாவம் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினார். அவள் வீட்டுக்கு வந்து தலையாட்டினாள், ஒத்துக்கொண்டாள். ஆனாலும் ஜெபம் முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் தனியாக ஏதோ முணுமுணுப்பாள். ஒருநாள் குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள்: "அதுக்கு யாரு சாப்பாடு போடறா?" நான் அந்த சந்தாபுராப் பெண்ணைச் சொன்னேன். "லீவு நாள்ல?" என்றாள். லீவு நாளிலும் யாராவது வருவார்கள் என்றேன். "அதுக்குக் குளுருமா?" இன்குபேட்டர் உடம்புச் சூட்டிலேயே இருக்கும் என்றேன். எல்லாமே சரியான பதில்கள்தான். ஒவ்வொரு பதிலுக்கும் அவள் முகம் இன்னும் சுருங்கிக்கொண்டே போயிற்று.

தம்பி வீட்டுக்கு வந்து, பையைத் தானே மாற்றப் பழகிக்கொண்டான். முதலில் நான் செய்தேன். வயிற்றின் மேல் ஈரமாக, சிவப்பாக, ஒரு ரோஜா மொட்டு அளவுக்குக் குடல் வெளியே தெரியும். தொட்டால் மெல்ல அசையும். அத்தனை வருஷம் கண்ணாடி வழியாகவே பார்த்ததை முதல் முறையாக விரல்களால் துடைத்தேன்.  "ஒனக்கு அருவருப்பா இல்லயாக்கா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டான். பாசமாகவும் இருக்கலாம்.

நடமாட ஆரம்பித்ததும், "நான் அதப் பாக்கணும்" என்றான். மேடம் அனுமதி கொடுத்தார். வெள்ளைக் கோட்டு அவனுக்குத் தோளில் தொங்கியது, அவ்வளவு மெலிந்திருந்தான். சந்தாபுராப் பெண் தட்டை எடுத்து வைத்து ஃபோகஸ் செய்து கொடுத்தாள். அவன் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

"இது நானா?"

"உங்க செல் சார்," என்றாள் அவள்.

"நல்லா கொழுகொழுன்னு இருக்கே." சிரித்தான். மறுபடி குனிந்தான். சிரிப்பு போய்விட்டது. "எங்கிட்ட இருந்தப்ப ஏன் இப்படி இல்ல?"

 எங்களிடம் பதில் இருந்தால் அந்த லேபே வேண்டியதில்லை.

நிமிர்ந்து மேடத்திடம் கேட்டான்: "மேடம், நான் வேணாம்னு சொன்னா நிறுத்திடுவீங்களா?"

மேடம் தயங்கவில்லை. "கண்டிப்பா. அது உங்க உரிமை. ஒரு கையெழுத்து போதும். இதுவரைக்கும் எடுத்த அளவுகள வச்சிக்கலாமா, அதையும் அழிக்கணுமா, அதையும் நீங்கதான் சொல்லணும்."

எஞ்சினியர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவருடைய சிப்பில் நன்றாக ஒட்டி வளர்ந்த ஒரே சாம்பிள் அதுதான். வாயைத் திறந்தார், மேடத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் தம்பி சொன்னான்: "எனக்கு ஒண்ணும் இல்லக்கா. இருந்துட்டுப் போகட்டும். ஆனா மம்மி ராத்திரியெல்லாம் எழுந்து உக்காந்துக்கிறா. அவளுக்கு அது புள்ள மாதிரி ஆயிடுச்சு. நான் கண்ணு முன்னாடி இருக்கேன், அவ அதுக்காக ஜெபம் பண்றா." கொஞ்ச நேரம் கழித்து, "உன் வேலை கெட்டுப் போயிடுமா?" என்று கேட்டான்.

"கொஞ்சம்."

"உனக்குக் கோவமா?"

"இல்ல."

"வருத்தமா?"

யோசித்துப் பார்த்தேன். "தெரியல," என்றேன். அவன் தலையைத் திருப்பி வெளியே பார்த்தான்.

மறுவாரம் கையெழுத்துப் போட்டான். அளவுகள் இருக்கட்டும், செல்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். மேடம் என்னைக் கூப்பிட்டு, இதற்கு நான் வர வேண்டியதில்லை என்றார். நான் வருகிறேன் என்றேன். நைட்ரஜன் தொட்டியில் உறைய வைத்திருந்த குப்பிகளை முதலில் எடுத்தோம். பிறகு இன்குபேட்டரிலிருந்து தட்டுகள். எஞ்சினியர் தன் சிப்பைத் தானே கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். சந்தாபுராப் பெண் பிளீச்சைக் கையில் எடுத்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"இத்தன மாசமா பாத்துக்கிட்டேன்கா. ஒரு நாள் கூட இது என்னைக் கஷ்டப்படுத்துனதில்ல."

அவள் கையிலிருந்து வாங்கி நானே ஊற்றினேன். இளஞ்சிவப்பு வெளுத்தது. குமிழ்கள் ஓரத்திலிருந்து கலங்கி, உருத்தெரியாமல் போயின. எத்தனையோ சாம்பிள்களுக்கு இதைச் செய்திருக்கிறேன். பூஞ்சை பிடித்தால் செய்வோம், வேலை முடிந்தால் செய்வோம். எல்லாவற்றுக்கும் ஆன அதே நேரம்தான் ஆனது. மேசையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினேன். அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்குப் போனதும் மம்மியிடம் சொன்னேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு மம்மி."

"வலிச்சிருக்குமா அதுக்கு?"

"நரம்பு கிடையாது. வலிக்காது."

மடித்த சட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஒனக்கு?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்து துணி மடித்தேன். அன்று ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள். குறட்டை கேட்டது.

தம்பிக்கு அடுத்த ஆபரேஷன்களும் ஆயின. சிறுகுடலிலேயே ஒரு பை மாதிரி தைத்து உள்ளே வைத்திருக்கிறார்கள். வெளியே மாட்டியிருந்த பை போயிற்று. பழையபடி ஆகவில்லை, இன்னமும் பலதடவை போக வேண்டியிருக்கிறது, பச்சை மிளகாய் ஆகாது, வெயிலில் ரொம்ப நேரம் நின்றால் தளர்ந்துவிடுகிறான். ஆனால் ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை. பள்ளியில் கழிப்பறைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன அறையை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார் ஹெட்மிஸ்ட்ரஸ். கேரம், செஸ் எல்லாம் இப்போது அவன் பொறுப்பு.

எங்கள் குழுவுக்கு அந்தச் செல்கள் போனது நஷ்டம்தான். எஞ்சினியர் வேறு சாம்பிள்களோடு மல்லாடிக்கொண்டிருக்கிறார்; அவை சிப்பில் சரியாக ஒட்டுவதில்லை. தட்டில் அடங்கிய வீக்கம் ஆளிடம் ஏன் அடங்கவில்லை என்ற கேள்வியை இப்போது டாக்டரே எல்லா மீட்டிங்கிலும் கேட்கிறார். அதற்காக, செல்களோடு அதே ஆளின் ரத்த அணுக்களையும் சேர்த்து வளர்க்கப் பார்க்கிறோம். முக்கால்வாசி நேரம் இரண்டுமே செத்துப்போகின்றன. மேடம் என்னை லீவு எடுக்கச் சொன்னார். எடுத்தேன். வீட்டில் மூன்று நாளும் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மின்விசிறியைத் துடைத்தது நினைவிருக்கிறது.

போன மாதம் பள்ளியில் விளையாட்டு விழா. தம்பி கட்டாயம் வரச் சொன்னான். மம்மியும் நானும் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவன் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, ஓட்டப் பந்தயம் முடியும் இடத்தில் ரிப்பனின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றான். சின்னப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஒரு குட்டிப் பெண் ரிப்பனைத் தாண்டியும் நிற்காமல் அவன் மேலேயே போய் மோதினாள், சரியாக வயிற்றில். மம்மி "ஐயோ" என்று எழுந்துவிட்டாள். அவன் அந்தப் பெண்ணைத் தூக்கி நிறுத்திவிட்டு, எங்களைப் பார்த்து ஒன்றும் இல்லை என்று கையசைத்தான்.

நான் எழவில்லை. நாற்காலியின் கைப்பிடியை அழுத்திப் பிடித்திருந்தேன் போலிருக்கிறது. டீ கொண்டு வந்தவர் கப்பை நீட்டியபோது வாங்கக் கை வரவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.